டொம் ஐம்பது வருடம் சொன்ன பெயர்

12.8.95, சனி

விடியத் தொடங்கிய மழை. இந்தத் தென்கோடி நாட்டில் ஓகஸ்ட் குளிர்காலம்; ஹீட்டர் பழுது. முனையில் உள்ள டெயரிக் கடையில் பாலும் பாணும் வாங்கினேன்.

பின்னேரம் டீவியில் யுத்தம் முடிந்த ஐம்பதாம் ஆண்டு நிகழ்ச்சி. பழைய படத்தில் நேசநாட்டுத் தலைவர்கள் மூவரும் நாற்காலிகளில், கம்பளி மேலங்கியோடு. யுத்தக் குற்றவாளிகளை விசாரிக்க வேண்டும் என்று அந்தப் பெரியவர்கள் மேசையில் பேசியது, பிறகு சிங்கப்பூரில் எனக்கு வேலையானது. அப்போது வயது இருபத்திரண்டு. போர்க்குற்ற நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளன். இரவல் டை. இடைவேளையில் ஐஸ் போட்ட தேசிக்காய்த் தண்ணீர். என்ன நாட்கள்!

யப்பானியர் அடிமை வேலை வாங்கிய சயாம் ரயில்பாதையில் மிஞ்சி வந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளிகள்தான் சாட்சிகள். ஒருவர் கேட்டார்: "இதெல்லாம் கேட்டு என்னா செய்யப் போறீங்க, தொர?" அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

13.8, ஞாயிறு

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் டொம் வந்தார். தானும் அதே நிகழ்ச்சி பார்த்தாராம். அந்தப் பாதையில் யப்பானியரின் கைதியாக இருந்தவர் என்று இன்றுதான் சொன்னார். இத்தனை வருட அயல்! என் கோர்ட் வேலையை நானும் சொன்னேன்.

காய்ச்சலில் கிடந்த தனக்கு ஒரு தமிழ்த் தொழிலாளி தன் கஞ்சியைப் பருக்கினாராம். "என் நெஞ்சைத் தடவித் தன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். பொறு, பொறு என்று. வருடா வருடம் அந்தப் பெயரைச் சொல்லித்தான் பிரார்த்திக்கிறேன். உங்கள் கோர்ட்டுக்குப் பொறு வந்தாரா?"

தேத்தண்ணீர் ஊற்றினேன்.

டொம் போனபின் மகள் வசந்தியிடம் சொன்னேன். அவள்: "சொல்லாதேங்கோ, அப்பா. அந்தாளிட்ட அந்தப் பேர் மட்டும்தான் இருக்கு. அதையும் பறிக்கப் போறீங்களே?"

அவள் சொல்வதும் சரிதான். ஆனால் தெரிந்த சொல்லை விழுங்கி எனக்குப் பழக்கமில்லை.

15.8, செவ்வாய்

வெயில். டொம் மெடல்களை மினுக்கிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன். அது பெயர் இல்லை. கொஞ்சம் தாங்கிக்கொள் என்று அர்த்தம்.

துணியை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார்.

"அப்படியானால் நான் அவருடைய பெயரைக் கேட்கவே இல்லை."

கண் கலங்கியது. எனக்கும். சொல்லியிருக்கக் கூடாதோ?

எழும்பிக் கோட்டைப் போட்டார். "யுத்தம் முடிந்த நாள் நினைவுக் கூட்டம் இன்று. நீங்களும் வாருங்கள்."

மண்டபத்தில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார்கள். முடிந்ததும் டொம் எழுந்தார்.

"எனக்குக் கஞ்சி தந்த தமிழருக்கு நன்றி. தாங்கிக்கொண்டேன்."

என் பக்கம் திரும்பினார். "அவருக்கு விளங்க வேண்டும். அவருடைய மொழியில் சொல்லுங்கள்."

எழுந்தேன். டையைச் சரிசெய்யக் கை போனது, டை கட்டவில்லை. அதைத் தமிழில் உரத்துச் சொன்னேன்.