அடுத்த வீட்டுக்குப் போகாத சாரம்

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் நீ தேதி போடவில்லை, இனி மறக்காதே. இந்த வயதில் நர்ஸ் வேலை எதற்கு என்றும் மறுபடி கேட்காதே.

என் வார்டில் ஒரு பெயிண்டர் இருக்கிறார். சாரத்திலிருந்து விழுந்து மண்டை ஓடு உடைந்தவர். இறந்த ஒருவரின் எலும்பைத் தானமாகப் பெற்று அந்த ஓட்டையில் வைத்திருக்கிறார்கள். அது நன்றாகக் கூடுவதற்காக, எலும்பை வளர்க்கும் ஊசியைத் தினமும் நான் போடுகிறேன். நேற்று கையை இழுத்துக்கொண்டார்.

“வேணாம்மா. ஊசி போடப் போட அந்த ஆளு என் தலைக்குள்ள நல்லா குடியேறுறாரு.”

“வாடகை கேளுங்க,” என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஊசியை நிறுத்தினால் ஓட்டை சரியாக மூடாது. அப்புறம் அவர் ஏணியில் ஏறவே முடியாது. அதனால் அவர் தொழிலை வைத்தே சொன்னேன்.

“அவரு எலும்பு வெறும் சாரம்தான். அதைப் பிடிச்சு உங்க எலும்பு வளரும். வளர வளர அது கரைஞ்சு போயிடும்.”

கையை நீட்டினார். ஊசி இறங்கும்போது கேட்டார்: “எங்க சாரம் அடுத்த வீட்டுக்குப் போகும். அவரு எங்கம்மா போவாரு?”

ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தினேன். உன் அத்தான் இறந்தபோது அவர் எலும்பைத் தானம் கொடுக்கச் சம்மதித்தவள் நான். யார் உடம்பிலாவது அவர் இருக்கிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

கவலைப்படாதே, நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். இங்கே வருகிறவர் யாரிடமாவது என் பழைய கண்ணாடியைக் கொடுத்தனுப்பு. அலமாரியில் அத்தானின் சீப்பு இருக்கும், அதையும் வை. கழுவிவிடாதே.

டியூட்டிக்கு நேரமாகிறது.

அக்கா