பட்டியடியிலை எடுத்த தண்ணி

3.4.73 செவ்வாய்
காத்து இல்லை. நாலு நாளாய்க் கடல் கோப்பைத் தண்ணி மாதிரி. விடிய வள்ளத்திலை போனால் கடலுக்குள்ளை தடி நட்டு வலை அடைச்ச என்ரை மீன்பட்டி முழுக்கச் செத்த மீன். ஓரா, திரளி, கீளி. ஐந்நூறு வரும். கரையிலை ஆயிரம் எண்டு சொல்லியிருக்கிறன்.

உது சூசையின்ரை வேலைதான். தங்கச்சி புருஷன் எண்டாலும் பக்கத்துப் பட்டிக்காரன், எரிச்சல் பிடிச்சவன். எல்லாருக்கும் முன்னாலை கேட்டன், “மச்சான், என்ன நஞ்சு ஊத்தினனீ?”

“நஞ்சு ஏன்? நீ கதைக்கிறதைக் கேட்டாலே மீன் செத்துப்போம்.”

கரையிலை நிண்ட குருநகரே சிரிச்சுது. அதாலை, அவன் ராவிலை என்ரை பட்டியடியிலை போத்தலோடை நிண்டதைக் கண்ணாலை கண்டன் எண்டும் சொல்லிவிட்டன்.

4.4 புதன்
மீன்பிடிச் சங்கத்தின்ரை முடிவு: நஞ்செண்டால் சனிக்கிழமை சூசையின்ரை பட்டியைப் பிடுங்கிறது. பிறகு அந்த இடம் அவனுக்கில்லை.

கடல்தண்ணி சோதிக்கிற தம்பி ஒருத்தர் வந்திருக்கிறார். “வெக்கைக்குக் காத்தும் இல்லாட்டில் அடித்தண்ணியிலை ஒட்சிசன் குறையும் அண்ணை. மூச்சுமுட்டியும் மீன் சாகும்.” தண்ணிக்குள்ளை சீவிக்கிறதுக்கு மூச்சுமுட்டுமாம். எட்டாம் வகுப்பு (ஏழு) படிச்ச எனக்கோ உந்தக் கதை. காலமை சூசை வீட்டிலை தேத்தண்ணி குடிச்சவராம். யோசிக்கவேண்டிய விஷயம்.

என்ரை வள்ளத்திலைதான் போனது. பட்டியடியிலை கயித்திலை போத்தல் இறக்கி அடித்தண்ணி எடுத்தார். தண்ணி சோதிக்கிற மருந்துப்பெட்டி கரையிலை. “திறக்காதேங்கோ, இந்தா வாறன்,” எண்டுபோட்டு, கரை தட்டினதும் அதை எடுக்க இறங்கிப் போனார்.

ஏன் திறக்கப்படாது? திறந்தன். கூழ்முட்டை மணம். நஞ்சு ருசிக்குதோ எண்டு ஒரு வாய் எடுத்துத் துப்பினன். குறைஞ்சதுக்குக் கரைத்தண்ணி அள்ளி நிரப்பி மூடியாச்சு.

மருந்து விட்டார். தண்ணி மண்ணிறமாச்சு. “ஒட்சிசன் நல்லாய்க் கிடக்கு. தண்ணியிலை பிழையில்லை,” எண்டு தலையைச் சொறிஞ்சார். நான் சொன்னதுதான் சரி.

5.4 வியாழன்
வாங்க: மண்ணெண்ணெய், நூல், சுருட்டு.
தங்கச்சி வந்தவள். கதிரையிலை இருக்கேல்லை. “அண்ணை, மெய்யாய்க் கண்டனீங்களோ?” ஓமெண்டன்.
பின்னேரம் தம்பியை மடக்கினன். போத்தலைத் திறந்தால் என்ன வருமாம்? “வெளிக்காத்துக் கலந்திடும் அண்ணை. மூச்சில்லாத தண்ணியும் நல்ல தண்ணி மாதிரிக் காட்டும்.”
வாங்கின சுருட்டு ராவே முடிஞ்சுது.

6.4 வெள்ளி
காத்து இன்னும் இல்லை. இடது முழங்கால் நோ.
திரும்ப ஒருக்கா எடுங்கோ எண்டு தம்பியை விடியக் கூட்டிக்கொண்டு போனன். சூசையும் சங்கத் தலைவரும் ஏறினவை. இந்தமுறை மருந்துப்பெட்டியும் வள்ளத்திலை. எடுத்த உடனை மருந்து விட்டார். பால்வெள்ளை. “மூச்சே இல்லை,” எண்டவர் என்னைப் பார்த்தார். “அப்ப அண்டைக்கு மண்ணிறம் எப்பிடி வந்தது?”

வாயிலை நாலைஞ்சு கதை வந்தது.

“நான் திறந்தனான்.”

சூசை கேட்டது ஒண்டுதான். “அப்ப நீ கண்டது?”

“காணேல்லை.”

பட்டி பிடுங்கிற கதையைத் தலைவர் விட்டிட்டார். கரைவரைக்கும் நான்தான் தடி ஊண்டி வள்ளத்தைத் தள்ளினது. தங்கச்சி வீட்டுப் பக்கம் இன்னும் போகேல்லை.