உன் மகள் போட்ட பூட்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் மகளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் அப்படியே இருக்க வேண்டும், மாப்பிள்ளைக்கு இருமல் விட்டதா என்று போனில் கேட்டதற்கு நீ பதிலே சொல்லவில்லை. என் முட்டி வலி அதன் பாட்டுக்கு இருக்கிறது, நான் என் பாட்டுக்கு இருக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ என்னை முழுசாகப் பேச விடுவதில்லை, பாதியிலேயே உனக்குத் தெரியாதும்மா என்று ஆரம்பித்துவிடுகிறாய். கடிதத்துக்குக் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் பேனாவை எடுத்தேன். விஷயத்துக்கு வருகிறேன். மாசக் கடைசிக்கு உன் மகளுக்கு அங்கே வர டிக்கெட் போட்டிருக்கிறாயே, அந்த விமானத்தில் அவள் ஏற மாட்டாள். நான் ஏற்றி அனுப்பவும் மாட்டேன். கோபம் வரும், வரட்டும், கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மீதியைப் படி.

மேலதிகாரியை எதிர்த்துப் பேசினாள், வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள், இதுதானே உன் காதுக்கு வந்தது. நடந்ததை நான் சொல்கிறேன், எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். அவள் பார்க்கிற லிஃப்ட் ரிப்பேர் வேலை என்றால் மாடி உச்சியில் ஒரு அறை, அதில் கயிறு சுற்றுகிற பெரிய சக்கரம், அங்கே ஒரு ஆள் வேலை பார்ப்பார். கீழே மெயின் சுவிட்சை அணைத்து அதற்கு ஒரு பூட்டுப் போட்டுக்கொண்டு இன்னொரு ஆள் நிற்க வேண்டும். யார் நிற்கிறார்களோ அவர்கள் பூட்டு, அவர்கள் சாவி. மேலே இருக்கிறவர் வேலை முடிந்ததும் "கை வெளியே" என்று கத்த வேண்டும், கீழே இருக்கிறவர் அதையே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பூட்டைத் திறக்க வேண்டும். பயிற்சியில் சேர்ந்த முதல் நாளே இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்களாம், வீட்டுக்கு வந்து குளியலறைக்குள் எல்லாம் கை வெளியே கை வெளியே என்று கத்திக்கொண்டு கிடந்தாள், பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்னம்மா திருடனா என்று கேட்டார்.

அவள் குழுவில் மூத்த மெக்கானிக் ஒருவர், ஊமையண்ணன் என்று பேர் வைத்திருக்கிறார்கள், ஊமை இல்லை, பேசுவதற்குச் சோம்பல் அவ்வளவுதான். சாப்பிட்டாயா என்றால் தலையாட்டுவார், வேண்டாம் என்றாலும் தலையாட்டுவார். அவருக்காக அந்தக் குழுவில் ஒரு வழக்கமே பண்ணி வைத்திருந்தார்கள், அவர் கத்த வேண்டாம், ஸ்பேனரால் இரும்பில் ஒரு தட்டு தட்டினால் போதும், சுவிட்சைப் போட்டுவிடலாம். வருஷக்கணக்காக இப்படித்தான் ஓடியிருக்கிறது. அன்றைக்கு இவள் கீழே நிற்கிறாள். மேலிருந்து ஒரு தட்டு கேட்டது. சூப்பர்வைசர் தட்டியாச்சு, போடு என்றார். இவள் இன்னும் குரல் வரலை சார் என்றாள். கட்டடத்து ஆட்கள் எல்லாம் மூட்டை முடிச்சோடு லிஃப்டுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒரு மனுஷன் நேற்று வந்த பொண்ணை வெச்சு வேலை செஞ்சா இப்படித்தான் என்று வாயை விட்டிருக்கிறார். சூப்பர்வைசருக்கு மானம் போய்விட்டது, சாவியைக் கொடு என்று கையை நீட்டினார். அந்த அண்ணன் போனும் கீழே பையில் கிடக்கிறது, கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை. இவள் என்ன செய்தாள் தெரியுமா, சாவியை மூடின கைக்குள் வைத்துக்கொண்டு படிக்கட்டில் ஓடிவிட்டாள். உச்சி வரைக்கும் ஓட்டம். போய்ப் பார்த்தால் அவர் சக்கரத்துக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஸ்பேனர் கை தவறிக் கீழே விழுந்த சத்தம் அது.

அந்த இடத்தில் சுவிட்சைப் போட்டிருந்தால் அந்த மனுஷனுக்குக் கை இருக்காது, உயிர் இருந்திருந்தால் அதிசயம். ஆனால் சூப்பர்வைசர் என்ன சொன்னார், ஒன்றும் ஆகவில்லையே என்றார். ஆபீசில் போய், சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, வாடிக்கையாளர் முன்னால் அவமானப்படுத்தினாள் என்று சொல்லிவிட்டார். வீட்டில் இரு, எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்பதாக இருந்தால் திரும்பி வா என்று அனுப்பிவிட்டார்கள். அந்த ஊமையண்ணன் அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை, எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அப்போதுதான் நீ போன் பண்ணி, ஒரு மன்னிப்பில் என்ன குறைந்துபோகும், கேட்டுத் தொலை, இல்லையென்றால் அதை விட்டுவிட்டு இங்கே வந்து காலேஜில் சேர் என்று சொன்னாய்.

நீ நர்ஸ் வேலை பார்க்கிறவள். ஊசி போடும் முன்னால் உங்கள் பேர் என்ன என்று கேட்கிறாயே, அவர் வாயால் சொன்னால்தானே போடுகிறாய். பெரிய டாக்டர் பின்னால் நின்று சீக்கிரம் சீக்கிரம் என்றால் கேட்காமல் போடுவாயா. போட மாட்டாய், நீ என் வயிற்றில் பிறந்தவள். அப்புறம் உன் மகள் மட்டும் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். நீ நர்சிங் படிக்கப் போகிறேன் என்று நின்ற நாளை மறந்துவிட்டாயா. பெரியப்பா சித்தப்பா எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து, கண்டவன் மலஜலம் அள்ளப் போகிறவளை எவன் கட்டுவான் என்றார்கள். நீ பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, யாரும் கட்ட வேண்டாம், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டு நடந்தாய். அது வரைக்கும் நீ ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவளின் பொண்ணு, அன்றிலிருந்து நீ நீயாக ஆனாய். நான் உன்னைத் திரும்பக் கூப்பிட்டேனா. கதவு வரைக்கும் கூட வரவில்லை, வந்தால் அழுது கெடுத்துவிடுவேன் என்று விரிப்பு மடித்துக்கொண்டே இருந்தேன். எனக்கும் ஒரு நாள் அப்படி வந்தது, உன் அப்பா போன பிறகு பெரியப்பா வீட்டில் சமையலுக்கு இரு என்றபோது மாட்டேன் என்றேன், அதைப் பற்றி உனக்கு ஆயிரம் தடவை சொல்லியாச்சு, நீயே காதைப் பொத்திக்கொள்வாய். அவளுக்கு அந்த நாள் படிக்கட்டில் ஓடின நாள். அதை மன்னிப்புக் கேட்டு அழிக்கச் சொல்கிறாய். அழித்துவிட்டால் அவள் அப்புறம் யார், சொல்லு.

போன திங்கட்கிழமை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். நான் வர வேண்டாம் என்றாள், போனேன். மேனேஜர் அறையில் எல்லாரும் நின்றார்கள், என்னைப் பார்த்து இவங்க யார் என்றார் மேனேஜர், பாட்டி என்றேன், நாற்காலி போட்டார்கள், உட்கார்ந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்கிறாயாம்மா என்றார். உன் மகள் குரலே உயர்த்தவில்லை. "என் பூட்டு சார். குரல் வந்தா திறப்பேன். நாளைக்கும் அப்படித்தான் செய்வேன்" என்றாள். சூப்பர்வைசர் குதித்தார், தட்டினா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம், எல்லாருக்கும் தெரியும் என்றார். மேனேஜர் ஊமையண்ணனைப் பார்த்து உன் கை உள்ளேயா இருந்தது என்று கேட்டார். அவர் வழக்கம்போலத் தலையை ஆட்டினார். ஆமாவா இல்லையா ஒரு எழவும் புரியவில்லை. இவள் அவர் பக்கம் திரும்பி, "அண்ணே, தலையாட்டினா நான் எடுத்துக்க மாட்டேன். வாயைத் திறந்து சொல்லுங்க" என்றாள். அந்த மனுஷனுக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "உள்ளேதான் இருந்துச்சு. இந்தப் பொண்ணு வரலைன்னா போயிருக்கும்" என்றார். அவ்வளவுதான் பேசினார், அதுவே அவருக்கு ஒரு வருஷத்துப் பேச்சு. இப்போது பட்டறையில் எல்லாரும் அவரை ரேடியோ என்று கூப்பிடுகிறார்களாம்.

மன்னிப்பும் இல்லை ஒன்றும் இல்லை, வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்த சூப்பர்வைசர் இவளை என் குழுவில் சேர்க்க மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டார். ஊர்க் கோடியில் பழைய லிஃப்டுகளாகப் பார்க்கிற குழுவுக்கு மாற்றிவிட்டார்கள், யாரும் போக விரும்பாத இடம், விடியும் முன்பே பஸ் பிடிக்க வேண்டும், வரும்போது கையெல்லாம் கிரீஸ், என் துண்டில்தான் துடைக்கிறாள். தண்டனைதான். இருக்கட்டும், நிமிர்ந்து நின்றுகொண்டு வாங்குகிற தண்டனை.

அவளே சரி என்றாளே, அதனால்தானே டிக்கெட் போட்டேன் என்று கேட்பாய். அவள் சரி என்று சொல்லவில்லை. நீ மூச்சு விடாமல் பேசினாய், அவள் ம் என்றாள், நீ அதை எடுத்துக்கொண்டாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன். மேனேஜர் முன்னால் அசையாமல் நின்றவள் உன் போன் வந்தால் சுவரைச் சுரண்டுகிறாள், அம்மாவுக்கு மனசு நோகும் பாட்டி என்கிறாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. வர விருப்பமா இல்லையா என்று ஒரே ஒரு கேள்வி கேள், கேட்டுவிட்டு நீ பேசாமல் இரு. எவ்வளவு நேரம் ஆனாலும் இரு. அவள் வாயால் வருகிறேன் என்றால் நானே பெட்டி கட்டித் தருகிறேன், மறு பேச்சுப் பேச மாட்டேன். ம் என்றால் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு.

சின்னவனுக்கு என் முத்தங்கள், மாப்பிள்ளையை வெந்நீர் குடிக்கச் சொல், நீ ராத்திரி டியூட்டி முடிந்து வந்தால் சாப்பிடாமல் படுக்காதே. எல்லாரும் நீண்ட ஆயுசோடு, தலை குனியாமல் இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை, மறக்காதே. போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் மாடிக்குப் போய்விடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா