நான் நீக்கிய எட்டாவது பெயர்

7 மார்ச் 1954, ஞாயிறு

தபசு காலம் தொடங்கிவிட்டது. இந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஞானஸ்நானம் கேட்டு எட்டுப் பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். பகலில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு கத்திவிட்டு, மாலையில் இவர்களோடும் கத்த வேண்டும். உபதேசியார் வேலையென்றால் சும்மாவா? ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனியன்று பங்குச் சாமி வந்து தண்ணீர் ஊற்றுவதற்குள் ஜெப மந்திரங்கள் மனப்பாடமாக வேண்டும்.

கடைசியாகப் பெயர் கொடுத்தவள் காளியாயி. "இந்த வருசம் மட்டுந்தான் போய்ட்டு வான்னு வீட்டுக்காரரு சொல்லியிருக்காருங்க. அடுத்த வருசம் விடமாட்டாரு" என்றாள். புருஷன் ஆண்டியப்பன் மாரியம்மன் திருவிழாவுக்கு வருடம் தவறாமல் காப்புக் கட்டுகிறவன். இவ்வளவு விட்டதே பெரிது.

24 மார்ச், புதன்

மழை. ஏழு பேர் பரவாயில்லை. காளியாயி எழுந்து நின்றால் வாயில் கொழுக்கட்டை.

10 ஏப்ரல், சனி

நாளை சாமி வந்து சோதிப்பார். அதற்கு முன் நானே ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். காளியாயி கைகட்டி நின்றாள். விசுவாச மந்திரம் பாதியில் நின்றுபோயிற்று. மூன்று தடவை. பதினான்கு வருடத்தில் நான் அனுப்பிய ஒருவரும் சாமி முன்னால் திக்கியதில்லை. அவள் பெயரைக் கோடு போட்டு நீக்கினேன்.

"சாமி என்னைய ஒரு தடவ கேக்கட்டுமே, வாத்தியாரய்யா."

அடுத்த வருடம் பார்க்கலாம் என்றேன். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். அடுத்த வருடம் கிடையாது என்று அவள் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்ததா? இருந்தது. எழுதிவிடுகிறேன் — இருந்தது.

11 ஏப்ரல், குருத்து ஞாயிறு

ஏழு பேரும் தேறினார்கள். சாமி என் தோளைத் தட்டினார்.

17 ஏப்ரல், பெரிய சனி

ஏழு பேருக்கும் ஞானஸ்நானம் ஆயிற்று. "எப்படிச் சொல்லிக் கொடுத்தேன் பார்த்தாயா" என்று அவர்களில் ஒருத்தியான மீனம்மாவிடம் கொஞ்சம் பெருமையடித்தேன். அவள் சிரித்தாள்.

"எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது காளியாயிங்க. மலையில கொழுந்து எடுக்கையில அவ சொல்லுவா, நாங்க பின்னாடியே சொல்லுவோம். கை ஓடுனாத்தான் அவளுக்கு வாய் ஓடும்."

சாமி பத்தடி தூரத்தில்தான் நின்றார். போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் மரியாதை என்ன ஆவது?

23 ஜூன், புதன்

எழுத முடியவில்லை.

27 ஜூன், ஞாயிறு

எழுதத்தான் வேண்டும். புதன்கிழமை பள்ளிக்கூட வேலையாக டிக்கோயா டவுனுக்குப் போயிருந்தேன். என் மனைவி அந்தோணியம்மாவுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி எடுத்துவிட்டது. சத்தம் கேட்டு ஓடிவந்தவள் காளியாயி. ஆண் பிள்ளை. அரைமணி நேரம்தான் உயிர் இருந்தது, அழக்கூட இல்லையாம். சாமி இல்லாத இடத்தில், சாகப்போகிற பிள்ளைக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், தான் பெறாதவர்கூடக் கொடுக்கலாம் என்று வகுப்பில் சொல்லியிருந்தேன். அவள் செம்புத் தண்ணீரை எடுத்துப் பிள்ளையின் தலையில் ஊற்றி, "பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்து பேராலே" என்று ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லியிருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது என் மகனைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

இன்று சாமி அதை எழுத ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்தார். "தண்ணி ஊத்தினது யாரு?"

"காளியாயி, சாமி."

"நம்ம சபையில அப்படி ஒருத்தர் இல்லையே?"

பெயரை நீக்கியதைச் சொன்னேன். சாமி பேனாவைக் கீழே வைத்தார். "என்கிட்ட அனுப்பியிருக்கலாமே. விசுவாசம் இருக்கான்னுதானே நான் பாப்பேன்." அவ்வளவுதான். நாலு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை.

4 ஜூலை, ஞாயிறு

ஆண்டியப்பனின் லயத்து வீட்டுக்குப் போனேன். காளியாயியை மறுபடி அனுப்பும்படி கெஞ்சினேன். காலில் விழாத குறை.

"தள்ளி வுட்டது நீங்கதானுங்க. எம் பொஞ்சாதி மூணு நாளு சோறு திங்கல. மறுக்கா அங்க அனுப்பி அவமானப்பட வுடமாட்டேன்" என்றான். அவன்மேல் என்ன தப்பு?

காளியாயி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். "அவரு பேச்சத் தட்ட முடியாதுங்க. நீங்க குடிங்க." குடித்தேன். வெட்கங்கெட்டவன் நான்.

2 அக்டோபர் 1955, ஞாயிறு

புதிதாகப் பிறந்த மகளுக்கு இன்று ஞானஸ்நானம். காளியாயிதான் ஞானத்தாய் என்று அந்தோணியம்மா ஒரு வாரமாக ஒரே பிடியாக நின்றாள். ஞானஸ்நானம் பெறாதவள் அப்படி நிற்க முடியாதென்று நானேதான் சொல்ல வேண்டியிருந்தது.

"சாகப்போன புள்ளைக்கு அவ தண்ணி ஊத்தலாம். உசிரோட இருக்கிற புள்ளையத் தூக்கக் கூடாதா?"

சபைச் சட்டம் அப்படி என்றேன்.

"சட்டத்துக்குள்ள அவ வந்துதான் இருப்பா. நீங்கதான் விடல."

மீனம்மா பிள்ளையை ஏந்திக்கொண்டு நின்றாள். சடங்கு முடிந்து வெளியே வந்தேன். வாசலுக்கு அப்பால், மழையில், கம்பளியை முக்காடிட்டுக் காளியாயி நின்றிருந்தாள்.

"புள்ள அழுதுச்சாங்க?" என்று கேட்டாள்.

அழுதாள் என்றேன்.

"நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு லயத்துப் பக்கம் இறங்கிப் போனாள்.