பெரட்டில் பதில் சொன்ன பிழை

அனுப்புநர்:
சி. பரஞ்சோதி,
பால்மரத் தொழிலாளி,
மேல் லயம், 9-ஆம் எண் வீடு,
ஆற்றுமேட்டுத் தோட்டம், கரங்கான், கெடா.

பெறுநர்:
உயர்திரு தொழிலாளர் அதிகாரி அவர்கள்,
தொழிலாளர் இலாகா, கூலிம்.

பொருள்: நான் குணமாகவில்லை என்பதைத் தோட்டத்துச் சீக்குப் புத்தகத்தில் மறுபடி எழுதச் செய்து, 17-ஆம் தேதி பினாங்கில் நரம்பு ஊசி போட்டுக்கொள்ள அனுப்பிவைக்கக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இருபத்தெட்டு ஆண்டுகளாக இத்தோட்டத்தில் ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டி வருகிறேன். சென்ற ஆண்டுக் கடைசியில் எனக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியில் கண்டார்கள். முற்றிவிட்டது, அறுக்க முடியாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். அதற்கு அழ வேண்டியதை நானும் என் மனைவி பிரேமாவதியும் அழுது முடித்துவிட்டோம். அதில் தங்களுக்குத் தொல்லை கொடுக்க மாட்டேன்.

2. வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலி அது. படுக்க முடியாமல் மூன்று மாதம் மேசைமேல் தலையணை வைத்து, அதில் கவிழ்ந்தபடியே தூங்கினேன். மார்ச் மாதம் மயக்க மருந்து டாக்டர் என்னைக் குப்புறக் கிடத்தி, எக்ஸ்ரேயில் இடம் பார்த்து, முதுகெலும்பை ஒட்டி நீளமான ஊசியைச் செலுத்தினார். முதலில் மரத்துப்போகும் மருந்து, பிறகு ஸ்பிரிட்டு. வலியைத் தூக்கிக்கொண்டு போகும் நரம்பை அது அடக்கிவிடுமாம். நோய் அப்படியேதான் இருக்கும், வலி திரும்பினால் இன்னொரு முறை போடலாம் என்று விளக்கி, ஜூன் 17-ஆம் தேதி வரச் சொல்லி அட்டையில் எழுதிக் கொடுத்தார்.

3. ஊசிக்குப் பிறகு இரண்டு நாள் எழுந்தால் தலை சுற்றியது, வயிறும் இளகியது. மூன்றாம் நாள் மல்லாந்து படுத்தேன் ஐயா. கூரைத் தகரத்தில் எத்தனை ஓட்டை என்று அன்றுதான் எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. நெத்திலிச் சம்பல் தின்றேன். வயிற்றைப் பிடிக்காமல் சிரித்தேன். என் குறட்டையைப் பற்றித் தங்களுக்குத் தனியாக மனு எழுதப் போவதாகப் பிரேமாவதி மிரட்டிக்கொண்டிருந்தார்.

4. இந்தச் சந்தோஷத்தில்தான் பிழை செய்தேன். ஜூன் முதல் தேதி காலை, எல்லாருடைய முகத்தையும் பார்க்கும் ஆசையில், பெயர் வாசிக்கும் பெரட்டுக்குப் போய்க் காப்பியோடு ஓரமாக உட்கார்ந்தேன். சீக்காளிகளின் பெயரையும் வாசித்து, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மணியமே "சீக்கு" என்று சொல்லிக்கொள்வது இங்கே வழக்கம். என் பெயரை வாசித்தார். அவர் அதைச் சொல்வதற்குள் என் வாய் "இருக்கேன்யா" என்று சொல்லிவிட்டது. இருபத்தெட்டு வருடப் பழக்கம். எல்லாரும் சிரித்தார்கள், அதிகம் சிரித்தவன் நான்தான்.

5. ஆனால் பெயர் பதியும் கிராணியின் பென்சில் சிரிக்கவில்லை. பெரட்டில் பதில் சொன்னவன் வேலைக்குத் தகுதியானவன் என்பது தோட்டத்துச் சட்டம். அன்றே சீக்குப் புத்தகத்தில் என் பெயரை அடித்துவிட்டார்கள். தோட்டத்தில் மருந்து கொடுத்து, ஆஸ்பத்திரிக்குச் சிட்டு எழுதும் டிரஸ்ஸர் கிளாரன்ஸிடம் போய் முறையிட்டேன். "ஆளு நல்லாத்தானே இருக்கீங்கண்ணே, சிரிக்கிற ஆளுக்கு எப்படிலா சிட்டு எழுதுறது?" என்றார். சிட்டு இல்லாவிட்டால் தோட்டத்து வேன் கிடையாது. மூன்று பஸ் மாறி, படகும் ஏறிப் பினாங்கு போய்ச் சேர என் உடம்பு தாங்காது.

6. வலி திரும்பி ஐந்து நாளாகிவிட்டது. நேற்று மறுபடி மேசைக்கே போனேன். ஐயா, சாவதற்கு நான் ஒருவாறு பழகிக்கொண்டேன். அந்த மேசைக்குத்தான் பயப்படுகிறேன். என் கோலத்தைப் பார்த்துக் கிளாரன்ஸுக்கும் மனம் கேட்கவில்லை. ஆனால் அடித்த பெயரை மறுபடி எழுத, மாதம் ஒருமுறை வரும் தோட்ட டாக்டர் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவர் வருவது 26-ஆம் தேதி. இதற்கிடையில் நான் தினமும் வேலைக்கு வராதவன் என்றும் எழுதப்பட்டு வருகிறேன். இம்மனுவைத் தங்கள் மேசையில் கொண்டுவந்து வைக்கப்போவது கிளாரன்ஸ்தான். அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

7. ஆகவே, ஜூன் முதல் தேதி நான் சொன்ன பதில் வாய் தவறி வந்தது என்று ஏற்று, என் பெயரைச் சீக்குப் புத்தகத்தில் சேர்க்கவும், 17-ஆம் தேதி வேன் கொடுக்கவும் தோட்ட நிர்வாகத்துக்குத் தாங்கள் உத்தரவிட வேண்டும். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஊசி போட்டு வந்ததும் நான் மறுபடி சிரிப்பேன், சம்பல் தின்பேன், பெரட்டுக்கும் போவேன். அதை வைத்து என்னைக் குணமாக்கிவிடக் கூடாது.

ஒரு நாள் மணியம் என் பெயரை வாசிப்பார், பதில் வராது. அன்றைக்கு என் பெயரைத் தாராளமாக அடித்துக்கொள்ளட்டும். அதுவரை என்னைச் சீக்காளி என்றே எழுதிவைத்து, சிரிக்கவும் விடும்படி தங்களை மிகுந்த பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: கரங்கான்
தேதி: 9.6.1981

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
சி. பரஞ்சோதி

சாட்சி: அன்று பெயர் வாசித்த மண்டோர், மணியம்