பீரோவுக்கு இரண்டு வார்

ஜூன் 5, வெள்ளி

மூன்று நாளாக வெயில் முகமே இல்லை. ஏரிப் பக்கத்துப் பங்களா துரைசானி சீமைக்குக் கப்பலேறுகிறார். அவருடைய தேக்குப் பீரோ இன்று முதல் என் வீட்டில். தூக்க ஆறு ஆள். மேலே முகம் பார்க்கும் கண்ணாடிக் கதவு, கீழே நான்கு இழுப்பறை, பித்தளைக் கைப்பிடி. பஜாரில் வேறு எந்தக் கடைக்காரன் வீட்டிலும் கிடையாது. (எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.)

இந்த மலையில் சுவர் வேர்க்கும். ஒட்டி வைத்த பெட்டியெல்லாம் பூசணம். ஆகவே ஊர் வழக்கப்படி சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, காலுக்கு இரண்டு செங்கல் கொடுத்து நிறுத்தினேன்.

மனைவி மரியம் ஒரு விரலால் தள்ளிப் பார்த்தாள். "ஆடுதுங்க. புள்ள நடமாடுற எடம்."

"ஆறு ஆளு தூக்குனதை நம்ம ஜொகராவா சாய்க்கப் போறா?" என்றேன். மகளுக்கு இன்னும் இரண்டு வயது முடியவில்லை. மரியம் அடுப்படிக்குப் போய்விட்டாள். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 7, ஞாயிறு

சந்தை நாள். கிளாவரை கிராமத்துப் பூண்டு நாலு மூட்டை கடையில் இறங்கியது. பி.ப. 1க்குச் சாப்பிட வீட்டுக்கு.

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

இழுப்பறைகள் படிக்கட்டு மாதிரி திறந்து கிடக்கின்றன. மேல் இழுப்பறையில் ஜொகரா. கண்ணாடியில் தெரியும் பாப்பாவுக்கு முத்தம் கொடுக்க ஏறியிருக்கிறாள். பீரோ முன்னால் சாய்ந்துவிட்டது. மரியம் இடது தோளைக் கொடுத்துத் தாங்கி நிற்கிறாள், கையெல்லாம் மாவு. கூச்சல் போடவில்லை. போட்டால் பிள்ளை மிரண்டு இன்னும் மேலே தொற்றும். தாலாட்டுகிற குரலில், "எறங்கு கண்ணு, அத்தா வந்துட்டாங்க பாரு. வெரசா எறங்கு."

பிள்ளையைப் பிடுங்கினேன். பீரோவை நிமிர்த்தினேன்.

"எம்புட்டு நேரமா இப்படி?"

"நீங்க வெத்தல போடுற நேரந்தான்."

என் வெற்றிலைக்குக் கால் மணி ஆகும். அவள் தோள் நாவல்பழ நிறம். கனத்த சாமான் விழாது என்று நினைத்தவன் நான். கனத்தது விழுந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவில்லை.

ஜூன் 8, திங்கள்

காலை 8க்கு ஆசாரி. சுவரில் ஆணி அடித்தார். ஆணியோடு மண்ணும் வந்தது. "சாயபு, இது செவரா, புட்டா?"

பீரோவை வேறு யாருக்காவது தள்ளிவிடலாம் என்றேன். மரியம் உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து: "பீரோ என்னங்க தப்புப் பண்ணுச்சு? குதிரைக்காரங்க பொதியை எதுல கட்டுறாங்க? அசையாம இருக்குற சேணத்துல. இந்த வீட்டுல அசையாதது என்னன்னு பாருங்க."

அசையாதது பீரோவுக்கு இந்தப் பக்கம் வாசல் நிலையும் அந்தப் பக்கம் ஜன்னல் நிலையும். இரண்டும் சுவரோடு சேர்த்துக் கட்டியவை. ஆசாரி இரண்டையும் உலுக்கிப் பார்த்தார். நானுந்தான். அவள் சொல்லச் சொல்லக் குறித்தது:

1. நிலைக்கு நிலை குறுக்கே, பீரோவுக்குப் பின்னால் ஒரு பலகை, திருகாணியில்.
2. சேணத் தோல்வார் இரண்டு. ஒரு முனை பலகையில், மறுமுனை பீரோ முதுகில்.
3. இடைச் சந்தில் கட்டை. பின்னாலும் நகராது, காற்றும் போகும்.
4. செங்கல் தூர. காலுக்கு அகலக் கட்டை போதும்.
5. பாத்திரம் எல்லாம் அடி இழுப்பறையில். மேலே துணி மட்டும்.

"தொரை வீட்டுத் தேக்குல திருகாணியா!" இப்படி அலறியது ஆசாரி இல்லை, நான்.

"ஓட்டை பீரோவுக்குத்தானங்க," என்றாள்.

திருகாணியை நானே எடுத்துக் கொடுத்தேன்.

ஜூன் 10, புதன்

மழை. வார் கட்டியாகிவிட்டது. சோதனைக்காக எல்லா இழுப்பறையையும் இழுத்துவிட்டு, அடி இழுப்பறையில் நானே ஏறி நின்றேன். அதன் அடிப்பலகை விரிசல் விட்டது. பீரோ அசையவில்லை. ஜொகரா கைதட்டினாள்.

கடையில் ஒருவர்: "என்னமா மூளை சாயபு ஒங்களுக்கு! ஆசாரி சொன்னாரு." மறுக்கவில்லை. பூண்டு நிறுத்துக் கொடுத்தேன்.

ஜூன் 12, வெள்ளி

ஜும்மா முடிந்து வந்தால் மச்சான், மரியத்தின் அண்ணன். பழனி பஸ்ஸில் வந்திருக்கிறார், ஆயக்குடிக் கொய்யாக் கூடையோடு.

"கண்ணாடி பீரோவாமே மாப்ளே, காட்டுங்க."

கண்ணாடியைக் காட்டவில்லை. பக்கவாட்டில் அழைத்துப்போய் முதுகைக் காட்டினேன். வாரைப் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்தார்.

"கெட்டிதான். ஒங்க யோசனைன்னு பஜாரெல்லாம் பேசுறாங்க."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"ஒங்க தங்கச்சி யோசனை மச்சான். செங்கல்ல ஏத்தி வச்சேன் பாருங்க, அதுதான் என் யோசனை," என்றேன். தோள் கதையையும் சொல்லிவிட்டேன்.

கரண்டிச் சத்தம் மறுபடி. டீ வந்தது. என் கிளாசில் சீனி இரண்டு மடங்கு.