சாவிச் சூரன் அசையாமல் நின்ற காட்சி

மார்ச் 3, செவ்வாய்

இன்று சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. என்னிடம் கார் ஓட்டப் பழகும் பெண் வங்கியில் வேலை செய்கிறவள். அவளுக்கும் கியருக்கும் இன்னும் ஏழாம் பொருத்தம். சாலையைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள்.

"சார், நீங்க சாவிச் சூரன்தானே?"

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. அவளோ இரண்டு கைகளையும் விரித்து, வாயைத் திறந்தபடி சிலையாகிவிட்டாள்.

"முதல் கியர் போடும்மா!"

"அசையக் கூடாது சார். அதுதான் ரூல்."

எந்த ரூல்? ரயில்வே கேட் பக்கத்துப் பழைய தியேட்டரில் சனிக்கிழமைதோறும் மதியம் நான் நடித்த 'சாவிச் சூரன்' படத்தைப் போடுகிறார்களாம். டிக்கெட் கிடைப்பதில்லையாம். "சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்கும் சார்!" என்கிறாள். என் முகத்துக்கு நேராக!

மார்ச் 4

மனைவியிடம் சொல்லக் கூடாது என்று காலையில் முடிவெடுத்தேன். காலையிலேயே சொல்லிவிட்டேன்.

"இப்பதான் சிரிக்கிறாங்களா? நான் அப்பவே சிரிச்சேன். நீங்க எங்க கேட்டீங்க?"

அவளைக் குறை சொல்ல முடியாது. அண்ணன் இயக்கி நான் நடித்த ஒரே படம். ஒரு வீடியோ கேமிலிருந்து எடுத்தது. கேமில் ஒருவன் சாவி பொறுக்குவான், மேலே இருந்து விழும் மணிகளுக்குத் தப்புவான், முதலையோடு சண்டை போடுவான். ஒரு சாவி எடுத்தால் ஓர் உயிர் கூடும். அதனால் படத்திலும் நான் மூன்று முறை சாகிறேன். ஒவ்வொரு முறையும் மறுநாள் காலை படத்து அம்மா, "எந்திரிடா, மணி எட்டாச்சு" என்று எழுப்புகிறாள். செத்ததைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. முதலை வேஷத்துக்குள் இரண்டு ஆட்கள். முன்பாதிக்கும் பின்பாதிக்கும் ஏதோ மனஸ்தாபம். கடைசிச் சண்டையில் தலை என்னைத் துரத்துகிறது, வால் வாசலைப் பார்த்துப் போகிறது.

எல்லாவற்றுக்கும் மகுடம் அந்தக் காட்சி. அண்ணன் வாழ்நாளில் கேம் ஆடியதில்லை. கதை எழுதுவதற்காகப் பக்கத்து வீட்டுப் பெண் ஆடுவதைப் பார்த்துக் குறிப்பெடுத்தான். நடுவில் அவள் ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைக்கும் பாஸ் பட்டனை அமுக்கிவிட்டு போன் பேசப் போய்விட்டாள். திரையில் சூரன் கையை விரித்தபடி நிற்கிறான், முதலை வாயைத் திறந்தபடி நிற்கிறது. அண்ணன் மெய்சிலிர்த்துப் போனான். "எதிரி வாயைப் பிளந்து நிக்கிறான், இவன் தியானம் பண்றான். என்ன ஒரு கற்பனை!" என்று அதை அப்படியே எழுதினான். அப்படியே எடுத்தான். படத்தில் நான் மூன்று நிமிடம் அசையவில்லை. நானும் கேம் ஆடியதில்லை. தியானம் என்றுதான் நம்பினேன்.

படம் படுத்தது. "உன் மூஞ்சியில உணர்ச்சியே இல்ல, அதான்" என்றான் அண்ணன். "நீதானே அசையாம நில்லுன்ன?" என்றேன் நான். அன்றோடு பேச்சு நின்றது. இப்போது அவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. விசேஷ வீடுகளில் பக்கத்தில் நின்றுகொண்டே அண்ணியிடம் சொல்லுவான்: "அவனைச் சாப்பிடச் சொல்லு."

மார்ச் 7, சனி

தொப்பி போட்டுக்கொண்டு திருட்டுத்தனமாகப் போனேன்.

என் முதல் வசனத்துக்கே அரங்கம் அதிர்ந்தது. எனக்குக் காது சுட்டது, எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. ஆனால் முதலையின் வால் வாசலுக்குத் திரும்பியபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து மூக்கால் சிரித்தேன்.

அந்தக் காட்சி வந்தது. முன்னூறு பேரும் எழுந்து கையை விரித்து உறைந்தார்கள். டிக்கெட் கிழிக்கிறவர்கூட. சோளப்பொரி விற்கிறவர் பொட்டலத்தை நீட்டிய கையோடு நின்றார். ஒரு சத்தம் இல்லை. கிண்டல்தான், தெரியாமல் இல்லை. ஆனால் வேண்டாத படத்துக்கு யார் இவ்வளவு மெனக்கெடுவார்கள்?

மார்ச் 9

வங்கிக்காரி வாயில் ரகசியம் தங்காது. தியேட்டரின் பெண் மேனேஜர் போன் செய்தார். வரும் சனிக்கிழமை நானும் அண்ணனும் சிறப்பு விருந்தினர்களாம். "உங்க அண்ணன்கிட்ட பேசிட்டேன் சார். உடனே சரின்னுட்டாரு!"

சாயங்காலம் அண்ணி கூப்பிட்டாள்.

"உங்க அண்ணன் புதுக் கோட்டு தைக்கக் குடுத்துட்டாரு. ஜனங்களுக்கு இப்பதான் புத்தி வந்திருக்குன்னு குதிக்கிறாரு. ஏன் தம்பி, நிஜமாவே அந்தப் படத்தை ரசிக்கிறாங்களா?"

"சிரிக்கிறாங்க அண்ணி."

"அய்யோ. அவரு தாங்க மாட்டாரே. நீங்களே வந்து சொல்லிடுங்க."

மார்ச் 12

சொல்லத்தான் அண்ணன் கடைக்குப் போனேன்.

"எதுக்கு வந்தான்னு கேளு" என்றான் அண்ணன், அண்ணியிடம். மேசையில் அவனுடைய பேச்சு, அழகான கையெழுத்தில். தலைப்பு: 'அசையாமையின் அழகு'. சிவப்பு மையில் அடிக்கோடு வேறு. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். படம் எடுத்த நாட்களுக்குப் பிறகு நான் அதைப் பார்த்ததே இல்லை. வந்த விஷயத்தை மென்று விழுங்கினேன்.

"கண் டெஸ்ட் பண்ணணும்" என்று வாய் தானாகச் சொன்னது.

"கீழ் வரி தெரியுதான்னு கேளு."

"தெரியலன்னு சொல்லுங்க அண்ணி."

வீட்டுக்கு வந்தபோது மனைவி ஏற இறங்கப் பார்த்தாள். "உண்மையைச் சொல்லப் போன ஆளு, கண்ணாடி மாட்டிட்டு வர்றாரு."

மார்ச் 13

இப்போது தூரத்து போர்டெல்லாம் தெளிவாகத் தெரிகிறது. நாளை என்ன ஆகும் என்பதுதான் தெரியவில்லை.

மார்ச் 14, சனி

எழுதியே ஆக வேண்டும்.

முன் வரிசையில் அண்ணன், அண்ணி, என் மனைவி, நான். விளக்கு அணைந்தது. முதல் சிரிப்புக்கு அண்ணன் திரும்பிப் பார்த்தான். இரண்டாவதுக்கு அண்ணியைப் பார்த்தான். நான் மூன்றாவது முறை செத்தபோது அரங்கமே "எந்திரிடா, மணி எட்டாச்சு!" என்று கத்தியது. அண்ணன் பையிலிருந்த பேச்சை எடுத்தான், நான்காக மடித்தான், திரும்ப உள்ளே வைத்துக்கொண்டான். ஏண்டா முன்னாடியே சொல்லித் தொலைக்கல? கோழை, கோழை!

அந்தக் காட்சி. எல்லோரும் எழுந்து உறைந்தார்கள். அண்ணனும் எழுந்தான் — வெளியே போகத்தான். பாதி வழியில் நின்றான். அசையாமல் நிற்கும் அந்தக் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். பிறகு விறுவிறுவென்று திரைக்கு முன்னால் இருந்த மேடையில் ஏறினான்.

"நிறுத்துங்க படத்தை!"

விளக்கு எரிந்தது. செத்தோம் என்று நினைத்தேன்.

"இதுவா நிக்கிற லட்சணம்? அந்தத் தம்பி இமைக்கிறாரு. அந்த அம்மா பல்லைக் காட்டுறாங்க. சிரிக்கிறதுன்னா அப்புறம் சிரிங்க, நான் வேண்டாங்கல. நிக்கும்போது ஒழுங்கா நிக்கணும்!"

முன்னூறு பேரும் கைகளைச் சரியாக விரித்துக்கொண்டார்கள்.

"டேய், இங்க வா."

என்னைத்தான். எத்தனை வருடம் கழித்து! கால் தானாக மேடை ஏறியது. என் தோளைப் பிடித்துக் கூட்டத்தின் பக்கம் திருப்பினான், என் கைகளை விரித்து வைத்தான்.

"இவன் மூஞ்சியைப் பாருங்க. ஏதாவது உணர்ச்சி தெரியுதா? துளி தெரியுதா? மூணு நிமிஷம் இப்படியே நின்னான்யா. எவனால முடியும்?"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. உணர்ச்சியே இல்லாத அந்த முகத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்க வழியில்லை, கையை அசைத்தால் திட்டுவான்.

மார்ச் 17, செவ்வாய்

வகுப்புக்கு நடுவில் போன் வந்தது. அண்ணன் நம்பர்.

"சனிக்கிழமை ஒரு மணிக்கே வந்துடு. பால்கனி ஆளுங்களுக்குக் கை ஆடுது, ஒத்திகை பாக்கணும்."

"சரி. அண்ணிகிட்ட போனைக் குடு, சரின்னு சொல்லிடறேன்" என்றேன், பழக்கதோஷத்தில்.

"அவ எதுக்குடா நடுவுல?"

சனிக்கிழமை வகுப்புகளையெல்லாம் ஞாயிறுக்கு மாற்றிவிட்டேன்.